கிடா மாற்றாத பட்டியில் குட்டி தேறாதது ஏன்?

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம் வட்டாரங்களில் நெல், கரும்பு, மணிலா, முந்திரி என்று பயிர் எதுவாக இருப்பினும், சிறு விவசாயியின் வீட்டுப் பின்புறத்தில் நாலைந்து வெள்ளாடுகள் இல்லாதிருப்பது அரிது. மழை பொய்த்த ஆண்டிலும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், திடீரென வரும் வைத்தியச் செலவுக்கும் கைகொடுப்பது ஆடுதான். 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தின்கீழ் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டதால், அதற்குமுன் ஆடே வளர்த்திராத நிலமற்ற குடும்பங்கள் பலவும் இத்தொழிலுக்கு வந்தன.

இவ்வாறு சில ஆடுகளுடன் தொடங்கியவர்களிடம் பொதுவாகக் கேட்கும் குறை ஒன்று உண்டு. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆடு நன்றாகப் பெருகியது. அதன் பின்னர் குட்டி தேறவில்லை என்பார்கள். இரட்டைக் குட்டி ஈன்ற ஆட்டின் மகள் ஒற்றைக் குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டி எழுந்து நின்று மடி தேடுவதற்கே தாமதமாகிறது. ஆறு மாதத்தில் வர வேண்டிய எடை ஒன்பது மாதமாகியும் வருவதில்லை. கிடாவுக்கு விட்ட ஆடு சினை நிற்காமல் மறுபடியும் பருவத்துக்கு வருகிறது.

இவற்றுக்குக் குடற்புழு, தீவனக் குறைவு, ஆட்டுக்கொல்லி நோய் எனக் காரணங்கள் பல இருக்கலாம். முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். குட்டி இறந்த போதெல்லாம் பரம்பரையின் மீது பழிபோடுவது சரியன்று. ஆனால் புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, தழையும் தவிடும் குறைவின்றி வைத்தும் பட்டி தேறவில்லை என்றால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கிடா எங்கே பிறந்தது? "இங்கேதான், மூத்த ஆடு போட்ட குட்டி" என்று விடை வந்தால் கோளாறின் வேர் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

தகப்பனுடன் மகளும், தாயுடன் மகனும், உடன்பிறந்த கிடாவும் பெட்டையும் கூடுவதை உட்கலப்பு என்கிறோம். ஆட்டுக்கு உறவுமுறை தெரியாது. நாம் பிரித்து வைக்காவிடில் அது தானே நடந்துவிடும்.

உட்கலப்பால் என்ன கெடுகிறது?

உடலின் ஒவ்வொரு குணத்துக்கும் ஆட்டின் உடலில் இரண்டு மரபணுக்கள் உண்டு. ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றது வேலையைச் செய்துவிடும். ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இத்தகைய மறைந்த பழுது ஒவ்வோர் ஆட்டிலும் சில இருக்கத்தான் செய்யும். இதனை ஒடுங்குபண்பு என்பர். இரண்டும் பழுதாக அமைந்த குட்டியில்தான் குறை வெளிப்படும். உறவில்லாத இரு ஆடுகளில் ஒரே பழுது இருப்பது அபூர்வம். தகப்பனுக்கும் மகளுக்கும் அவ்வாறன்று. மகள் பெற்றதில் பாதி தகப்பனிடமிருந்து வந்ததே.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். நல்ல கிடா ஒன்றிடம் மறைந்த பழுது ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வெளியிலிருந்து வாங்கிய, அந்தப் பழுது இல்லாத பெட்டைகளுடன் அது சேரும்போது எந்தக் குட்டியிலும் குறை தெரியாது. ஆனால் அதன் மகள்களில் பாதிப் பேர் அப்பழுதைச் சுமப்பார்கள். அதே கிடா தன் மகள்களுடன் கூடும்போது, பழுது சுமக்கும் மகள் ஈனும் நான்கு குட்டிகளில் ஒன்று என்ற கணக்கில் குறை வெளிப்படும். எல்லா மகள்களையும் சேர்த்துப் பார்த்தால் எட்டுக் குட்டிக்கு ஒன்று. இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. கிடாவிடம் மறைந்திருப்பது இரண்டு, மூன்று என்றால் இழப்பும் ஏறும்.

தாடை மேலும் கீழும் பொருந்தாமை, ஒரு விதை மட்டும் இறங்குதல், தொப்புள் குடலிறக்கம், கால் கோணல் போன்றவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். அவற்றைவிட அதிக நட்டம் தருபவை கண்ணுக்குத் தெரியாதவை. கரு ஆரம்பத்திலேயே கரைந்துபோவதும், நோயைத் தாங்கும் சக்தி குறைவதும், பால் வற்றுவதும் அவ்வகை. கோணல் காலுடன் பிறந்த குட்டியை ஊரே பார்க்கும். பிறக்காமல் போன குட்டியை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

நம் குடும்பங்களில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கில் உண்டு. மரபியலார் இந்த நெருக்கத்தை எண்ணால் அளப்பர். மாமன் மகளை மணந்தால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த அளவு பதினாறில் ஒரு பங்கு. அக்காள் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. தகப்பன் கிடா மகளுடன் கூடிப் பிறக்கும் குட்டிக்கோ அது நான்கில் ஒரு பங்கு. அக்குட்டியே வளர்ந்து அதே பட்டியில் கிடாவாக நின்றால் இந்த அளவு மேலும் ஏறிக்கொண்டே போகும்.

மணிலா பயிரிடும் விவசாயிக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். மணிலாப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கிறது. அதற்கு ஏன் கேடு வரவில்லை? எத்தனையோ தலைமுறைகளாகத் தன் மகரந்தச் சேர்க்கையிலேயே வந்த பயிரில், பழுதுடைய செடிகள் அவ்வப்போது வெளிப்பட்டு அழிந்துபோய், தாக்குப்பிடித்தவையே மிஞ்சின. மக்காச்சோளம் அப்படியல்ல; அது அயல் மகரந்தத்துக்குப் பழகிய பயிர். அதனைத் தன் மகரந்தத்தால் சில தலைமுறை காய்க்கவிட்டால் செடி குட்டையாகி, கதிர் சிறுத்துவிடும். அவ்வாறு சிறுத்த இரு வேறு வழிகளை ஒட்டினால் வீரியம் திரும்புவதை அமெரிக்காவில் ஷல் என்பவர் 1908-இல் எடுத்துக் காட்டினார். இன்று வாங்கி விதைக்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளம் அதன் வழி வந்ததே. இவ்விஷயத்தில் ஆடும் மாடும் கோழியும் மக்காச்சோளத்தின் பக்கம்.

கொம்பில்லா ஆட்டின் கதை

ஐரோப்பியப் பால் ஆடுகளில் கொம்பில்லாத ஆட்டுக்கு மதிப்பு அதிகம். குத்தாது, கட்டுத்தறியில் தொல்லை தராது. எனவே கொம்பில்லாக் கிடாவையும் கொம்பில்லாப் பெட்டையையும் தேடிச் சேர்த்தார்கள். பிறந்த பெட்டைக் குட்டிகளில் சில பெட்டையாகவும் இல்லாமல் கிடாவாகவும் இல்லாமல் மலடாக நின்றன. கொம்பில்லாமையைத் தரும் மரபணுக் கோளாறே, தாய் தந்தை இருவழியிலும் வந்து சேரும்போது பெட்டையின் கருப்பையுறுப்புகளைக் கெடுக்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்தனர். கிடா, பெட்டை இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும் என்பது அங்கே பண்ணை விதி. பார்வைக்குப் பிடித்த ஒரு குணத்தை மட்டும் துரத்திக்கொண்டு போனால் அதன் பின்னால் வேறொன்றும் வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

மேல்நாடுகளில் பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்ப்போரிடமும் இதே கதைதான். வெள்ளை, மஞ்சள் போன்ற அபூர்வ நிறம் வேண்டித் தாயுடன் மகனையும், உடன்பிறந்தவற்றையும் சேர்ப்போர் உண்டு. நிறம் கிடைக்கும்; கூடவே மறைந்திருந்த மற்ற பழுதுகளும் வெளிவரும். (நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரைப் பாம்பு வரப்பிலேயே இருக்கட்டும்.)

ஆனால் பாம்பிடமிருந்தே நாம் கற்க வேண்டிய நல்ல பாடம் ஒன்றும் இருக்கிறது. சுவீடன் நாட்டின் தென்கோடியில் சுமிகேஹுக் என்ற கடற்கரைப் பகுதி. அங்கே ஒரு வகை விரியன் பாம்புகள் சிறு கூட்டமாக வாழ்கின்றன. சுற்றிலும் உழவு நிலமாகிவிட்டதால், நூறு ஆண்டுக் காலமாக வெளிப் பாம்புகள் அங்கு வர வழியில்லாமற் போயிற்று. கூட்டத்துக்குள்ளேயே கூடிக் கூடி, ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. செத்துப் பிறப்பனவும் உடற்குறையுடன் பிறப்பனவும் மிகுந்தன. கூட்டம் அழியும் நிலைக்கு வந்தது. 1992-இல் ஆய்வாளர்கள் வேறு பகுதியிலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொணர்ந்து விட்டனர். நான்கு இனச்சேர்க்கைப் பருவங்கள் கழிந்ததும், 1995-இல், உயிருடன் இருந்தவற்றைப் பிடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டனர். புதிய குட்டிகள் வளர்ந்து பருவத்துக்கு வந்ததும் கூட்டம் மளமளவெனப் பெருகியதை 1999-இல் வெளியிட்டனர். பெண் பாம்புகள் பழையவைதாம். இடமும் இரையும் பழையவையே. மாறியது ஆண் மட்டும்.

ஆடு வளர்ப்போருக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. பட்டி எவ்வளவு உட்கலப்பாகியிருந்தாலும், உறவில்லாத கிடாவுக்குப் பிறக்கும் குட்டியில் உட்கலப்பின் அளவு சுழியாகிவிடும். பெட்டைகளை விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியமில்லை. கிடாவை மாற்றினால் போதும். தாயின் உடலிலுள்ள சொந்தக் குறை, அதாவது பால் குறைவோ சினை நிற்காமையோ, அந்த ஆட்டுடன் இருக்கும். அதன் குட்டிக்கு அது தொடர வேண்டியதில்லை.

எப்போது மாற்றுவது?

தை மாதம் ஒரு கிடா வாங்குவதாகக் கொள்வோம். மாசியில் பெட்டைகள் சினையானால், ஆட்டின் சினைக்காலம் 150 நாட்கள் ஆதலால், ஆடியில் குட்டிகள் பிறக்கும். அந்தப் பெட்டைக் குட்டிகள் எட்டு மாதத்தில், அதாவது அடுத்த பங்குனி, சித்திரை வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, கிடா வாங்கிய பதினைந்தாம் மாதத்திலேயே தகப்பனும் மகளும் ஒரே பட்டியில் கூடும் நிலை வந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள் என்பது பொதுவான பரிந்துரை. பெட்டைக் குட்டிகளை விற்றுவிடுவோருக்கு அது சரி. மகள்களை வளர்த்துத் தாயாக்குவோர் ஒன்றேகால் ஆண்டிலேயே மாற்றுவதற்குத் தயாராக வேண்டும். அல்லது முதல் மகள்களை வேறு கிடாவுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்.

கிடாக்குட்டி இன்னும் அவசரக்காரன். நான்காவது, ஐந்தாவது மாதத்திலேயே பெட்டை மேல் தாவத் தொடங்கிவிடும். அக்காளையும் தாயையும் சினையாக்கிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் தழை தின்றுகொண்டிருக்கும். பெரிய கிடாவை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவோர் ஏமாறுவது இங்கேதான். கறிக்கு வளர்க்கும் கிடாக்குட்டிகளை மூன்றாம் மாத முடிவுக்குள் கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிடுவது நல்லது. காயடிக்க விருப்பமில்லையெனில் பெட்டைகளிலிருந்து தனியே கட்டி மேய்க்க வேண்டும்.

சந்தையும் ஒரு வகையில் இத்தீங்குக்குத் துணைபோகிறது. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையிலே தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னர் நல்ல விலை பேசப்படுவது எந்தக் கிடாவுக்கு? வேகமாக வளர்ந்து கொழுத்ததற்குத்தானே. அது விலையாகிவிட, விலை போகாத சவலைக் குட்டி பட்டியில் தங்கி, அதுவே அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. உறவுக்காரக் கிடா என்பது ஒரு கேடு. அதிலும் மட்டமானது என்பது மறு கேடு. பத்துப் பெட்டைகளின் குட்டிகள் அனைத்துக்கும் பாதி குணத்தைத் தருவது அந்த ஒரு கிடா என்பதை நினைத்தால், சந்தைக்கு முதலில் எதை ஓட்டுவது என்பதில் சற்று யோசிக்கத் தோன்றும்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அய்யனாருக்கோ வீரனுக்கோ நேர்ந்த கிடாவை விற்பதில்லை. பல ஊர்களில் காயடிப்பதும் இல்லை. வேண்டுதல் நிறைவேறித் திருவிழா வரும்வரை இரண்டு, மூன்று ஆண்டுகள் அது ஊர் முழுதும் சுற்றும். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும் பங்குக்கு அதுவே தகப்பன். நேர்த்தியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்தக் கிடாவை மேய்ச்சலின்போது தும்பில் கட்டலாம். கட்ட இயலாதபோது, அடிவயிற்றின் குறுக்கே சாக்குத் துணியைத் தளர்வாகக் கட்டிவிட்டால் அதனால் பெட்டையுடன் கூட முடியாது. துணி நனைந்து புண்ணாகாதபடி அடிக்கடி மாற்ற வேண்டும்.

எந்தக் குட்டி யாருடையது என்பது நினைவிலிருக்கும் என்று நம்ப வேண்டாம். மூன்றாம் ஈற்றுக்குள் மறந்துவிடும். செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதல் கிடாவுக்குப் பிறந்த பெட்டைக்குட்டிகள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் சிவப்புக் கயிறு. அடுத்த கிடாவுக்குப் பிறந்தவற்றுக்கு நீலம். அதற்கடுத்ததற்கு மஞ்சள். சிவப்புக் கயிற்றை முதல் கிடாவிடம் விடக்கூடாது, அவ்வளவே. பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் தாய், கிடா, ஈன்ற தேதி, குட்டிகளின் எண்ணிக்கை, இறந்தவை ஆகியவற்றை வீட்டில் எழுதத் தெரிந்தவர் குறித்து வந்தால், பட்டி தேறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டு ஆண்டில் தானே தெரிந்துவிடும்.

புதுக் கிடாவைத் தேர்ந்தெடுத்தல்

அடுத்த தெருவில் வாங்கினால் அது நம் பழைய கிடாவின் மகனாகவே இருக்கக்கூடும். சந்தையில் வாங்குவதிலும் பிறந்த இடம் தெரியாது. ஆண்டிமடம் பக்கமோ சேத்தியாத்தோப்பு பக்கமோ, நம் ஆடுகள் போய்வராத ஊரில், தாயையும் கண்ணால் பார்த்து வாங்குவதே உத்தமம். இரட்டைக் குட்டியாகப் பிறந்ததா, தாய்க்கு மடி நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு விதைகளும் ஒரே அளவில் இறங்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்து, கீழ்ப் பற்கள் மேல் ஈறுடன் பொருந்துவதைப் பார்க்க வேண்டும். ஒரு வயதைக் கடந்த கிடா 20 பெட்டைகள் வரை தாங்கும்.

வேற்றினக் கிடாதான் வேண்டும் என்பதில்லை. தலைச்சேரி, போயர் என்று பெயர் சொல்லிப் பெரும் விலை கேட்பார்கள். உட்கலப்பை நீக்குவதற்கு உறவில்லாத நல்ல நாட்டுக் கிடாவே போதும். நம் வெயிலும் நம் மேய்ச்சலும் அதற்குப் பழக்கம்.

வாங்கி வந்த கிடாவை அன்றே பட்டியில் விட்டுவிடுவது பெரிய ஆபத்து. உட்கலப்பைத் தவிர்க்கப் போய் ஆட்டுக்கொல்லி நோயை வீட்டுக்கு அழைத்து வந்தது போலாகும். மூன்று வாரம் தனியே கட்டி, குடற்புழு நீக்கி, தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

கோழி வளர்ப்போருக்கும் இதே விதிதான். ஒரே சேவல் மூன்று தலைமுறைப் பெட்டைகளுடன் நின்றால் அடைவைத்த முட்டைகளில் கூமுட்டை மிகும். அண்டை ஊர்க்காரரிடம் சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்வதில் காசு செலவே இல்லை.

கறவை மாட்டில் வேறுவிதமாக இது நுழைகிறது. சினை ஊசி போடுவதால் வீட்டில் காளையே இல்லை. ஆகவே உறவு எங்கிருந்து வரும் என்று எண்ணிவிடுகிறோம். உறைவிந்து பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். தாய்க்குப் போட்ட அதே காளையின் விந்து, கிடேரி பருவத்துக்கு வரும்போது அதற்கும் போடப்படலாம். ஒவ்வொரு விந்துக் குச்சியிலும் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கேட்டுக் குறித்துவைத்து, கிடேரிக்கு ஊசி போடும்போது சொன்னால், மருத்துவர் வேறு காளையின் குச்சியை எடுத்துக்கொள்வார். இதை அற்பமாக எண்ண வேண்டாம். 1962-இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்குச் சினை ஊசி மூலம் 16,000 மகள்கள். பால் மிகக் கொடுத்த வம்சம். ஆனால் அதனிடம் மறைந்திருந்த ஒரு பழுது, அதன் வழிவந்த காளையும் பசுவும் கூடியபோது கருவிலேயே கன்றைக் கொன்றது. உலக அளவில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு அப்பழுது காரணம் என்று 2016-இல் கணக்கிட்டனர். அதுவரை அரை நூற்றாண்டாக, மாடு சினை நிற்கவில்லை என்று மட்டுமே பண்ணையாளர்கள் சொல்லிவந்தார்கள்.

ஐந்தாடு வைத்திருப்பவருக்குத் தனிக் கிடா கட்டுபடியாகுமா என்று கேட்பது நியாயமே. தனியாக வேண்டாம். நான்கு ஊர்களில், ஊருக்கு ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடா வாங்கட்டும். ஒன்றேகால் ஆண்டு ஆனதும் முதல் ஊர்க் கிடா இரண்டாம் ஊருக்கு, இரண்டாம் ஊர்க் கிடா மூன்றாம் ஊருக்கு, மூன்றாவது நான்காவதுக்கு, நான்காவது முதல் ஊருக்கு என்று ஒரே திசையில் வட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் மாற்றக்கூடாது, மாற்றினால் கிடா தன் மகள்களிடமே திரும்பிவிடும். அந்தந்த ஊரில் பிறந்த கிடாக்குட்டி எதையும் பொலிகிடாவாக நிறுத்தவும் கூடாது. ஒரு கிடா ஐந்து ஆண்டு வரை இப்படி உழைக்கும். ஓய்ந்தபின் கறி விலைக்குப் போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி தம் செம்மறிக் கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டு, அவை மற்றவர் பட்டியில் என்ன குட்டி தருகின்றன என்று பார்த்து வந்தார். அவர் உட்கலப்பையே கருவியாக்கி இனத்தை உருவாக்கியவர் என்பதும் உண்மை. ஆனால் தேறாத குட்டிகளைத் தயவின்றிக் கழித்துக்கட்டும் அளவுக்கு அவரிடம் மந்தை இருந்தது.

கிடாவைக் கட்டிவைத்திருக்கும் வீட்டுக்குத் தீவனச் செலவை மற்ற நான்கு வீடுகளும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். பருவ காலத்தில் பசுந்தழையுடன் நாளொன்றுக்குக் கால் கிலோ அடர்தீவனம், தாது உப்புக் கலந்து கொடுப்பது அவசியம். யார் வீட்டில் கட்டுவது, எந்த மாதம் மாற்றுவது என்பதை முதலிலேயே பேசி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.